தான் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தவர்



உங்களில் பலர் இப்போது விடியற்காலையில் ஓடப் போகிறீர்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று படமும் போடுகிறீர்கள். சந்தோஷம். சிலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம். விளையாட்டு வீரர் அல்லாத ஒருவர், பந்தயத்துக்காக இல்லாமல், உடம்புக்காகத் தெருவில் மெல்ல ஓடுவது காலங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது உலகெங்கும் பரவி அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குக் காரணமானவர்களில் முன்வரிசையில் நிற்பவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். அவருடைய கதையில் ஓடுபவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

லிடியார்ட் 1917-ல் ஆக்லாந்து நகரில் பிறந்தவர். காலணித் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில் ரக்பி ஆடுவார். அதனால் தன் உடம்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். இருபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள், உள்ளூர் ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த, தன்னைவிட வயதில் மூத்த ஒருவரோடு ஐந்து மைல் ஓடப் போனார். மூத்தவர் சாதாரணமாக ஓடினார். இளையவருக்கு மூச்சு முட்டியது, கால் தள்ளாடியது. இந்த வயதிலேயே இப்படி என்றால் இன்னும் இருபது வருடம் கழித்து என் நிலை என்ன என்ற கேள்வி அன்று அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

அன்று ஓட்டப் பயிற்சி என்றால் பெரும்பாலும் மைதானத்தில் குறுகிய தூரத்தை வேகமாக, திரும்பத் திரும்ப ஓடுவதுதான். லிடியார்டும் கிடைத்த புத்தகங்களைப் படித்தார். ஆனால் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டார். ஒரு வாரம் குறைவாக ஓடுவார், இன்னொரு வாரம் அதிகமாக ஓடுவார். மெதுவாக ஓடிப் பார்ப்பார், வேகமாக ஓடிப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் வாரத்துக்கு 200 மைலுக்கு மேல்கூட ஓடிப் பார்த்தார். எது உடம்பைத் தேற்றுகிறது, எது உடைக்கிறது என்று கவனித்தார். ஒரு நாள் இரண்டு நாள் சோதனை இல்லை இது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நடந்தது. இடையில் குடும்பச் செலவுக்காகப் பால் விநியோகிக்கும் வேலையும் செய்தார். கல்லூரிப் பட்டமோ உடலியல் படிப்போ அவருக்குக் கிடையாது. கேள்வி கேட்கும் புத்தியும் பொறுமையும்தான் மூலதனம்.

ஓட்டக்காரராக அவர் உலகத்தரத்தில் பெரிய பெயர் எடுக்கவில்லை. 1950-ல் அவருடைய சொந்த ஊரான ஆக்லாந்திலேயே காமன்வெல்த் நாடுகளின் போட்டி நடந்தது. அப்போது அதற்கு பிரிட்டிஷ் எம்பயர் விளையாட்டுப் போட்டி என்று பெயர். அதில் மாரத்தான் ஓடினார். பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பிறகு 1953-லும் 1955-லும் நியூசிலாந்தின் தேசிய மாரத்தான் பட்டத்தை வென்றார். இரண்டாவது பட்டத்தின்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டக்காரர் லிடியார்டின் பதிவேடு இவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பத்து வருடத்தில் அவர் கண்டுபிடித்தது வேறு. அதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு வீடு கட்டுகிறோம். மேல்மாடி எவ்வளவு உயரம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அஸ்திவாரம். ஓட்டத்தில் அஸ்திவாரம் என்பது தாக்குப்பிடிக்கும் திறன். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், மாதக்கணக்கில், நீண்ட தூரம் ஓடினால் இதயம் வலுவாகிறது, தசைகளுக்குள் ரத்தம் பாயும் நுண்குழாய்கள் பெருகுகின்றன, உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது. வாரத்துக்குச் சுமார் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், இதற்குப் பொருத்தமான அளவு என்று தன் அனுபவத்தில் கண்டார். இந்த அஸ்திவாரம் போட்ட பிறகு சில வாரங்கள் மேட்டில் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி. இது கால்களுக்கு வலுவும் துள்ளலும் தரும். அதற்குப் பிறகுதான் மைதானத்தில் வேகப் பயிற்சி. கடைசியில் பந்தயம் நெருங்க நெருங்கச் சுமையைக் குறைத்து, உடம்பைப் புத்துணர்வோடு நிறுத்துவது. எந்த நாளில் பந்தயமோ அந்த நாளில் உச்சத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதம் உச்சத்தில் இருந்து பயனில்லை.

இன்று உலகின் பல பயிற்சியாளர்கள் கையாளும் ஆண்டுத் திட்டத்தில் இந்த வரிசையின் சாயலைக் காணலாம். ஆனால் 1950-களில் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்தார்கள். மாரத்தான் ஓடுபவன் நூறு மைல் ஓடட்டும், சரி. வெறும் 800 மீட்டர், அதாவது மைதானத்தை இரண்டே சுற்று சுற்றும் பையன் எதற்காக ஞாயிறுதோறும் 22 மைல் ஓட வேண்டும்? அவனுடைய வேகம் போய்விடாதா?

லிடியார்டின் பதில் கணக்குப் போல நேரானது. 800 மீட்டரில் தோற்பவன் பெரும்பாலும் வேகம் இல்லாததால் தோற்பதில்லை. அவனிடம் இருக்கும் வேகத்தைக் கடைசி 100 மீட்டர் வரை காப்பாற்ற முடியாமல் தோற்கிறான். காப்பாற்றும் திறன் அஸ்திவாரத்திலிருந்து வருகிறது.

இப்படிச் சொன்னவரை நம்பி முதலில் வந்தவர்கள் யார்? அவரோடு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளைஞர். பிறகு ஆக்லாந்தின் ஒவைராக்கா பகுதியை ஒட்டிப் பயிற்சி செய்த சில பையன்கள். நாடு முழுதும் தேடிப் பொறுக்கி எடுத்த திறமைசாலிகள் இல்லை. நல்ல பயிற்சி கொடுத்தால் எந்த ஊரிலும் சாம்பியன்கள் கிடைப்பார்கள் என்பது லிடியார்டின் உறுதியான நம்பிக்கை. அந்தப் பையன்களோடு வைட்டாகெரே மலைத்தொடரில் வைட்டருவா வழியாகப் போகும் 22 மைல் சுற்றுப்பாதையில் அவரும் சேர்ந்தே ஓடினார். கையில் விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்து கட்டளையிட்டவர் இல்லை. எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்த மைலில் மனசு தளரும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ முறை அதே மேட்டில் அவருக்கே மூச்சு வாங்கியிருக்கிறது.

அந்தப் பையன்களில் மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

முர்ரே ஹால்பெர்க். 17 வயதில் ரக்பி ஆடும்போது ஏற்பட்ட கடும் காயத்தில் இடது கை செயலிழந்துபோனது. ஓட்டத்தில் கை வீச்சு எவ்வளவு முக்கியம் என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் இறுதிப் போட்டிக்கு வந்து பதினோராவதாக முடித்தார். அத்தோடு விட்டுவிடவில்லை. தூரத்தைக் கூட்டி 5000 மீட்டருக்கு மாறினார்.

பீட்டர் ஸ்னெல். நல்ல கட்டுமஸ்தான உடல்வாகு. டென்னிஸ் உட்படப் பல விளையாட்டுகளில் கெட்டி. 800 மீட்டர்க்காரர். உலகம் இவர் பெயரை அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பாரி மேகி. மாரத்தான் ஓட்டக்காரர்.

1960-ல் ரோம் ஒலிம்பிக். நியூசிலாந்து தன் அதிகாரப்பூர்வப் பயிற்சியாளராக லிடியார்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவர் அவர். சங்க நிர்வாகிகளோடு உரசல் எப்போதும் உண்டு. ஆதரவாளர்கள் பணம் திரட்டித்தான் அவரை ரோமுக்கு அனுப்பினார்கள்.

செப்டம்பர் 2. முதலில் 800 மீட்டர் இறுதிப் போட்டி. அந்த ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்கு மூன்று நாளில் நான்கு சுற்று ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்களின் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 22 மைல் மலைப்பாதையில் பழகிய 21 வயது ஸ்னெலுக்கு நான்காவது சுற்றிலும் மிச்சம் இருந்தது. உலக சாதனையைக் கையில் வைத்திருந்த பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸைக் கடைசிச் சில அடிகளில் முந்தி 1 நிமிடம் 46.3 நொடியில் தங்கம் வென்றார்.

அரங்கின் ஆரவாரம் அடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதே மைதானத்தில் 5000 மீட்டர். இது பன்னிரண்டரைச் சுற்று. வழக்கமாகக் கடைசிச் சுற்றில்தான் எல்லோரும் பாய்வார்கள். ஹால்பெர்க் மூன்று சுற்று மீதி இருக்கும்போதே பாய்ந்தார். இது முன்கூட்டியே குருவும் சீடனும் பேசி வைத்த திட்டம். மற்றவர்கள் களைப்பை உணர்ந்து சற்றுத் தயங்கும் நேரம் அது. அப்போது பாய்ந்தால் எவரும் உடனே துரத்தமாட்டார்கள். இருபது மீட்டருக்கும் மேல் இடைவெளி விழுந்தது. கடைசிச் சுற்றில் அவர் கால்கள் கனத்துவிட்டன, பின்னால் வந்தவர்கள் நெருங்கினார்கள். ஆனால் நேரம் போதவில்லை. ஹால்பெர்க் கோட்டைத் தாண்டிப் புல்தரையில் விழுந்தார். செயலிழந்த கையோடு ஒலிம்பிக் தங்கம்.

எட்டு நாள் கழித்து மாரத்தான். எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி வென்ற அந்தப் புகழ்பெற்ற பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் பாரி மேகி.

அன்று நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 24 லட்சம். அந்த ஒலிம்பிக்கில் அந்த நாடு வாங்கிய மொத்தப் பதக்கம் மூன்று. மூன்றுமே அதிகாரப்பூர்வ அணியில் இடம் கிடைக்காத ஒரு பயிற்சியாளரின் மாணவர்கள் வாங்கியவை. ஒரு நாட்டின் பதக்கப் பட்டியலே ஒரு வாத்தியாரின் மதிப்பெண் பட்டியலாக ஆனது!

கதை அங்கே நிற்கவில்லை. 1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு முழு மாரத்தான் ஓடினார். 800 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் மாரத்தான் ஓடுவதா என்று பலரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சில வாரங்கள்தான் போயின. 1962 ஜனவரி 27, வாங்கனுய் என்ற ஊரின் புல் மைதானத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 நொடியில் ஓடி உலக சாதனை. ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் வைத்திருந்த சாதனையைவிட 0.1 நொடி குறைவு. அடுத்த வாரமே கிறைஸ்ட்சர்ச்சில், அதுவும் புல்தரையில், 800 மீட்டரை 1 நிமிடம் 44.3 நொடியில் முடித்து இன்னொரு உலக சாதனை. பழைய சாதனையை ஒன்றரை நொடிக்கு அருகில் குறைத்தார். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். 1920-க்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் அந்த இரண்டையும் வென்ற ஆண் அவர்தான். அதே 1500 மீட்டரில் வெண்கலம் வாங்கிய ஜான் டேவிஸும் லிடியார்டின் மாணவரே.

இப்போது நம் காலை ஓட்டக் கதைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு மருத்துவர்கள் சொன்ன அறிவுரை ஓய்வு. மாடிப்படி ஏறாதே, வேகமாக நடக்காதே. ஆரோக்கியமான இதயத்தை மெல்லோட்டம் வலுப்படுத்துகிறது என்றால், பலவீனமான இதயத்தையும் அதன் அளவுக்கு ஏற்ப வலுப்படுத்தத்தானே வேண்டும் என்று லிடியார்ட் யோசித்தார். தொழிலதிபர்கள் சிலரிடம் அவர் பேசிய பேச்சிலிருந்து 1962-ல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் உருவானது. நடுத்தர வயதுக்காரர்கள், தொப்பை விழுந்தவர்கள், இதய நோய் கண்டவர்கள் சேர்ந்து மெல்ல ஓடத் தொடங்கினார்கள். யாரோடும் போட்டி இல்லை. மூச்சு வாங்கினால் நடக்கலாம்.

அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்திலிருந்து பில் பவர்மேன் என்ற பெயர்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் நியூசிலாந்துக்கு வந்தார். வயது ஐம்பத்தொன்று. ஒரு காலையில் லிடியார்ட் அவரையும் இந்தக் கூட்டத்தோடு ஓட அழைத்துப்போனார். சிறிது தூரத்திலேயே பவர்மேன் திணறிவிட்டார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு பெரியவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுத்துணையாகக் கூடவே ஓடி வந்தாராம்! ஊர் திரும்பிய பவர்மேன் ஒரேகானில் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்பு தொடங்கினார். பிறகு ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றிப் புத்தகமும் எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்காவிலிருந்து பழக்கம் உலகெங்கும் பரவியது. இதே பவர்மேன்தான் நைக்கி காலணி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். உங்களில் சிலர் காலில் போட்டுக்கொண்டு ஓடும் காலணிக்கும் அந்த ஆக்லாந்துக் காலைப் பொழுதுக்கும் உள்ள உறவு இது.

பின்லாந்துக் கதை ஒன்று மீதி இருக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு காலத்தில் உலகை ஆண்ட நாடு அது. பாவோ நுர்மி பிறந்த மண். ஆனால் 1936-க்குப் பிறகு நெடுந்தூர ஓட்டத்தில் அவர்களுக்கு ஒலிம்பிக் தங்கமே இல்லை. 1960-களின் இறுதியில் லிடியார்டை அழைத்தார்கள். அவர் அங்கே வீரர்களைவிடப் பயிற்சியாளர்களுக்கே அதிகம் சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. சுமார் ஒன்றரை ஆண்டு இருந்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். பலன் 1972 மியூனிக்கில் தெரிந்தது. லாசே வீரன் 10,000 மீட்டரில் நடுவழியில் கீழே விழுந்து, எழுந்து ஓடி, உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஒரு வாரம் கழித்து செப்டம்பர் 10-ல் வீரனுக்கு 5000 மீட்டர் தங்கம். அதே நாளில் பெக்கா வசாலாவுக்கு 1500 மீட்டர் தங்கம். வீரனை வளர்த்தவர் அவருடைய சொந்தப் பயிற்சியாளர் ரோல்ஃப் ஹைக்கோலா. பெருமை முதலில் அவருக்குத்தான். ஆனால் அந்தப் பயிற்சியாளர்கள் மேலே எழுப்பிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் எப்படிப் போடுவது என்று காட்டியவர்களில் லிடியார்ட் முக்கியமானவர். அறுவடை நாளில் அவர் அந்த வயலில் இல்லை.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லிடியார்ட் முறை என்று கேள்விப்பட்டவர்களில் பலர் 100 மைல் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வரிசையை விட்டுவிட்டார்கள். உடம்பு பழகுவதற்குள் தூரத்தைக் கூட்டிக் காலை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. எண்ணை நகல் எடுப்பது எளிது, அதற்குப் பின்னால் இருக்கும் பத்து வருடப் பொறுமையை நகல் எடுக்க முடியாது. ஆகவே வயதான என் உறவுகளே, இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே செருப்பை மாட்டிக்கொண்டு பாயாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள். பேசிக்கொண்டே போகிற வேகத்தில் தொடங்குங்கள்.

மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஹால்பெர்க் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் விளையாட்டில் ஈடுபட ஓர் அறக்கட்டளை தொடங்கி அதற்காகவே உழைத்தார். மேகியும் டேவிஸும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். டேவிஸ் பயிற்றுவித்த டிக் குவாக்ஸ் 1976-ல் 5000 மீட்டர் வெள்ளி வாங்கினார். ஸ்னெல் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டத்தை விட்டபின் அமெரிக்கா போய், முப்பது வயதுக்கு மேல் மாணவராக உட்கார்ந்து, உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்றார். டல்லாஸில் ஆராய்ச்சியாளராகப் பணிபுரிந்தார். தன் குரு சொன்னது ஏன் பலித்தது என்பதற்கு அறிவியல் விளக்கமும் சொன்னார்: நீண்ட நேரம் ஓடும்போது வழக்கமாக உழைக்கும் தசை நார்கள் களைத்துப்போகின்றன, அப்போது வேகத்துக்கென்று இருக்கும் தசை நார்களையும் உடம்பு வேலைக்கு அழைக்கிறது, அதனால் அவையும் தாக்குப்பிடிக்கப் பழகுகின்றன. குரு உடம்பால் கண்டறிந்ததை மாணவர் படிப்பால் விளக்கினார். ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன காணிக்கை வேண்டும்?

தேர்வு வைத்து ஒதுக்கிய நாடு 1990-ல் லிடியார்டுக்குத் தன் மிக உயர்ந்த விருதான ஆர்டர் ஆஃப் நியூசிலாந்தைக் கொடுத்தது. ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் இருபது பேருக்கு மேல் அதில் சாதாரண உறுப்பினராக முடியாது. ஆனாலும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 2004 டிசம்பர் 11, அமெரிக்காவின் டெக்சாஸில், ஓட்டம் பற்றிய சொற்பொழிவுப் பயணத்தின் நடுவில் உயிர் பிரிந்தது. வயது 87. ஐந்து மைலில் மூச்சு முட்டிய அன்று, இன்னும் இருபது வருடத்தில் என் நிலை என்ன என்று கேட்ட மனிதருக்குக் காலம் அறுபது வருடம் கொடுத்தது.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று பெற்றோர்கள். சிலர் என் தொழிலுக்கே வந்துவிட்டீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையை நுழைவுத் தேர்வுக்கு விரட்டும் காலம் இது. அஸ்திவாரத்துக்கு ஒதுக்க வேண்டிய வருடங்களில் மேல்மாடிக்கு வண்ணம் அடிக்கச் சொல்கிறோம். பிள்ளை கடைசி 100 மீட்டரில் தளரும்போது, அவனுக்குத் திறமை போதாது என்று முடிவு கட்டுகிறோம். திறமை இருந்தது, அதைக் கடைசிவரை தாங்கும் அடித்தளத்துக்கு நாம் நேரம் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாடத்தையோ பழக்கத்தையோ விதிக்கும் முன் நீங்கள் அதை ஒரு மாதம் செய்து பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் படி என்று சொல்லுமுன், தினமும் ஒரு மணி நேரம் நீங்கள் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்பது அப்போது தெரியும். தெரிந்தபின் நீங்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு வேறு.

 ஓடுகிறவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஓடாதவர்கள் குறைந்தபட்சம் நடக்கப் போங்கள்.

எல்லோரும் நலமுடன் வாழ்க.